பச்சை குத்துதல்: வடிவமும் கூலியும்

பச்சை குத்துதல் என்பது ஊசியால் தோலைக் குத்தி, அத்துளைகளில் மையை இறக்கி, அழியாத குறியையோ உருவத்தையோ எழுத்தையோ இடும் கலையாகும். தமிழகத்தில் இது நெடுங்காலம் பெரும்பாலும் பெண்களின் கைத்தொழிலாக இருந்தது. இன்று இது 'டாட்டூ' என்ற பெயரில் நகரக் கடைகளுக்கு வந்துவிட்டது. தாமே வரைந்த ஒரு சிறு வடிவத்தைக் கையில் குத்திக்கொள்ள விரும்பும் இளைஞர், என்ன வடிவம், எந்த இடம், எவ்வளவு செலவு என்னும் மூன்று கேள்விகளோடு கடைக்குப் போகிறார். இம்மூன்றும் புதிய கேள்விகள் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் திண்ணையில் கையை நீட்டி உட்கார்ந்த பெண்ணும் இவற்றுக்கு விடை சொல்லித்தான் பச்சை குத்திக்கொண்டாள். வடிவத்தை யார் தேர்ந்தார், அதற்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது, பிற்பாடு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்க்காரணம்

குத்தப்படும் மை கருப்பு நிறமுடையது. ஆனால் புண் ஆறியபின் குறி பச்சை கலந்த நீலமாகத் தெரிகிறது. மையின் நிறம் மாறுவதில்லை. கரித்துகள்கள் தோலுக்கடியில் இருப்பதால், மேல்தோல் வழியாக ஒளி சிதறி வரும்போது நமக்கு அவ்வாறு தோன்றுகிறது. கையிலுள்ள இரத்தநாளங்கள் பச்சையாகத் தோன்றுவதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். தெரிகின்ற நிறத்தைக் கொண்டே தமிழர் இக்கலைக்குப் பெயரிட்டனர்.

மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. அதில் இட்ட மருதாணி சில வாரங்களில் மறைவது இதனாலேயே. பச்சையின் மையோ அதற்குக் கீழேயுள்ள உள்தோலில் இறங்குகிறது. அங்குள்ள பாதுகாப்புச் செல்கள் கரித்துகள்களை விழுங்கித் தம்முள் வைத்துக்கொள்கின்றன. அதனால் குறி வாழ்நாள் முழுவதும் நிற்கிறது.

'டாட்டூ' என்ற சொல் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. கேப்டன் குக் 1769இல் தாகித்தி தீவை அடைந்தபோது அங்கு வழங்கிய 'தத்தவ்' என்ற சொல்லை அவருடைய குழுவினர் கேட்டறிந்தனர். அது ஆங்கிலத்தில் நுழைந்து, பிறகு நம் தெருப் பெயர்ப்பலகைகளுக்கும் வந்தது. சொல் புதிது, செயல் இங்கு முன்பே இருந்தது.

மையும் ஊசியும்

தமிழகத்தில் பச்சை குத்திய முறையை விரிவாகப் பதிவு செய்தவர்களுள் எட்கர் தர்ஸ்டன் குறிப்பிடத்தக்கவர். இவர் 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தார். க. ரங்காச்சாரியின் துணையோடு இவர் தொகுத்த தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய 7 தொகுதிகள் 1909இல் வெளியாயின. அக்காலத்து ஆட்சியாளரின் பார்வை அவர் எழுத்தில் உண்டு. எனினும் கைத்தொழில் நுட்பங்களை அவர் நுணுக்கமாகக் குறித்து வைத்துள்ளார்.

அவர் தரும் செய்முறை வருமாறு: மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அம்மியில் அரைப்பார்கள். அவ்விழுதை மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் இட்டு எரிப்பார்கள். விளக்கின் மேல் புது மண்சட்டியைக் கவிழ்த்தால் அதன் உட்புறம் கரி படியும். அக்கரியைச் சுரண்டி எடுத்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயாராகிவிடும். 3 முதல் 6 வரை தையல் ஊசிகளை முனைகள் நெருங்கியிருக்குமாறு சேர்த்துக் கட்டினால் அதுவே கருவி.

முதலில் தோலின் மேல் வடிவத்தின் கோட்டை வரைந்துகொள்வார்கள். பிறகு மை தொட்ட ஊசியால் அக்கோட்டின் வழியே குத்துவார்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, மேலும் ஒருமுறை மையை அழுத்தித் தடவுவார்கள். வலி தணிய எண்ணெயும், வீக்கம் வராமலிருக்கவும் நிறம் எடுக்கவும் மஞ்சள்தூளும் பூசுவார்கள். கைதேர்ந்த பெண் ஒருத்தி நடுத்தர அளவுள்ள உருவத்தை அரைமணி நேரத்தில் முடித்துவிடுவாள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மஞ்சள், அகத்தி, ஆமணக்கு, மண்சட்டி, தையல் ஊசி ஆகிய அனைத்தும் எளிதில் கிடைத்தவை. மூலப்பொருளுக்கு ஏறக்குறைய செலவே இல்லை. எனவே வாங்கிய கூலி முழுவதும் கைத்திறனுக்கும், ஊர் ஊராக நடந்த நடைக்கும் உரியது.

தொழில் செய்தோர்

இத்தொழிலை முதன்மையாகச் செய்தவர்கள் குறவர் பெண்கள். கூடை முடைதல், குறி சொல்லுதல் ஆகியவற்றோடு பச்சை குத்துதலும் அவர்கள் வாழ்வுக்கு வழியாக இருந்தது. (குறவரும் நரிக்குறவரும் வெவ்வேறு சமூகத்தினர். நரிக்குறவர் வாக்ரிபோலி என்னும் வேறு மொழியைப் பேசுவோர்.) பச்சை குத்தும் பெண் தெருவில் கூவிக்கொண்டு வருவாள், அழைத்த வீட்டுத் திண்ணையிலோ மரத்தடியிலோ அமர்வாள். ஊசி இறங்கும்போது சிறுமிக்கு வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடுவதும் தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது. வலியை மறக்கச் செய்யும் அப்பாட்டுக்கெனத் தனிக்கூலி எதுவும் இல்லை.

வடிவங்கள்

பச்சை குத்தும் பெண்கள் தம் வடிவங்களை ஒரு குறிப்பேட்டில் வைத்திருந்ததாகத் தர்ஸ்டன் எழுதுகிறார். ஒற்றைப் புள்ளி, ஒற்றைக் கோடு முதல் மிகச் சிக்கலான கோலங்கள் வரை அதில் இருந்தன. தேள், பறவை, மீன், பூ, திருமண் ஆகியவை பரவலாக விரும்பப்பட்டன. முன்கையில் பெயரையோ பெயரின் முதலெழுத்தையோ தமிழில் குத்திக்கொள்வது இந்துக்கள், கிறித்தவர்கள், முகம்மதியர் ஆகிய எல்லாரிடமும் காணப்பட்டது. சிலருடைய கைகள் அவர்களது வாழ்க்கைக் குறிப்பு போலவே இருந்தனவாம். பெயர், சமயச் சின்னம், சீட்டுக்கட்டு உருவம் முதலியவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

குறிப்பேட்டில் உள்ளதுதான் வடிவம் என்றால், குத்திக்கொள்பவருக்கு அதில் பங்கு இல்லையா? உண்டு. இதற்குச் சான்றாக அமைவது கோலம். ஜான் லேயார்டு என்ற மானிடவியலாளர், தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சை வடிவங்களையும் ஒப்பிட்டு ஒரு நீண்ட கட்டுரையை 1937இல் இலண்டனின் நாட்டார் வழக்காற்றியல் இதழில் வெளியிட்டார். புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் சிக்குக்கோடுகள் இரண்டிலும் ஒத்திருப்பதை அவர் காட்டினார். அவர் அதிலிருந்து இறந்தோர் உலகம் பற்றி எடுத்த முடிவுகளை எல்லாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் வடிவ ஒற்றுமை கண்ணுக்குத் தெரிவது.

நாள்தோறும் வாசலில் கோலமிட்ட பெண்ணுக்கு எந்த வடிவம் எத்தனை புள்ளியில் அடங்கும் என்பது கைப்பழக்கமாகத் தெரியும். தரையில் இட்டது மாலைக்குள் அழிந்துவிடும். பிடிக்காவிட்டால் மறுநாள் வேறு கோலம் இடலாம். தோலில் இட்டதை மாற்ற முடியாது. அவ்வகையில் வாசல், தோலுக்கு முன்னோட்டமாக அமைந்தது எனலாம். பலமுறை போட்டுப் பார்த்துக் கைக்கும் கண்ணுக்கும் பழகிய வடிவமே உடலுக்கு ஏற்றது என்ற இந்த முறை இன்றும் பொருந்தும்.

பெயர் குத்திய பச்சைகள் தமிழ் எழுத்து வரலாற்றுக்கும் சான்றாகின்றன. 1978இல் தமிழக அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, னா, றா, லை, னை போன்ற எழுத்துகள் இன்றைய வடிவம் பெற்றன. அதற்கு முன் 'மீனாட்சி' என்ற பெயரில் வரும் 'னா' துணைக்கால் இல்லாமல் கீழ்நோக்கிச் சுழித்து எழுதப்பட்டது. பாடநூலும் செய்தித்தாளும் புது எழுத்துக்கு மாறிய பின்னரும், அதற்கு முன்பே கையில் குத்திய பெயர் பழைய எழுத்திலேயே நின்றுவிடும்.

கூலி

தர்ஸ்டன் குறித்துள்ள கூலி விவரம் இவ்வரலாற்றில் மிக முக்கியமானது. ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா. சிக்கலான வடிவத்துக்கு 12 அணா வரை. எட்டாத ஊர்களில் காசுக்குப் பதில் அரிசி, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு ஆகியவை கூலியாகத் தரப்பட்டன.

இக்கணக்கை இன்றைய வாசகர் புரிந்துகொள்ள அக்கால நாணய முறையை நினைவுகொள்ள வேண்டும். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 காலணா. எனவே 12 அணா என்பது முக்கால் ரூபாய், அதாவது 48 காலணா. மிகச் சிறிய பச்சைக்கும் மிகப் பெரிய பச்சைக்கும் கூலி வேறுபாடு 48 மடங்கு.

நாட்டுப்புறக் கூலியாளின் நாள் வருமானம் சில அணாக்களே என்றிருந்த காலம் அது. 12 அணாப் பச்சை பல நாள் உழைப்பை விழுங்கக்கூடியது. காலணாப் பச்சை யாருக்கும் எட்டக்கூடியது. மோவாயில் ஒற்றைப் புள்ளி, மணிக்கட்டில் மூன்று புள்ளி என்று பல மூதாட்டியரிடம் நாம் காணும் சிறு பச்சைகளை அடக்கத்தின் அடையாளம் என்று மட்டும் கொள்ளக்கூடாது. அவற்றில் வீட்டுக் கணக்கும் அடங்கியிருந்திருக்கலாம். 5க்கு 5 புள்ளிக்கோலத்தில் 25 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்குக் காலணா வீதம் தனித்தனியே கணக்கிட்டால் அதற்கு 6 அணாவும் ஒரு காலணாவும் ஆகும். சுற்றிவரும் கோடுகளுக்கு மேலும் ஆகும். ஆகவே வடிவத்தை நினைக்கும்போதே கையிலுள்ள காசையும் நினைக்க வேண்டியிருந்தது.

இங்கே நகையோடு ஓர் ஒப்பீடு செய்யலாம். நகை வாங்கினால் அவசரத்துக்கு அடகு வைக்கலாம், விற்கலாம். பச்சைக்குக் கொடுத்த காசு திரும்பாது. ஆனால் நகையைக் கழற்றிக்கொள்ளலாம். பச்சையை யாரும் பறிக்க முடியாது. இறந்த பின்னும் கூடவே வருவது பச்சை ஒன்றுதான் என்ற நம்பிக்கை தமிழகக் கிராமங்களில் இருந்துவந்துள்ளது. பொன் வாங்க இயலாத பெண்ணுக்குக் காலணாவில் கிடைத்த, பறிபோகாத அணி அது.

அலைந்த கால்களுக்கு வந்த தடை

இத்தொழில் ஊர் ஊராகச் செல்வதையே நம்பியிருந்தது. ஒரே ஊரில் தங்கினால் சில நாட்களில் குத்துவதற்குக் கைகள் தீர்ந்துவிடும். தர்ஸ்டனின் தொகுதிகள் வெளியான 2 ஆண்டுகளில், 1911இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்துமாறு வந்தது. குறவர் பிரிவுகள் பல இச்சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்டோர் பெயரைப் பதிவு செய்யவும், குறித்த நேரத்தில் காவல்துறை முன் தோன்றவும், வெளியூர் செல்ல அனுமதிச்சீட்டுப் பெறவும் கட்டாயப்படுத்தப்பட்டனர்.

குற்றம் செய்த தனிமனிதரை அன்றி, பிறந்த சமூகத்தையே குற்றவாளியாகக் கண்ட சட்டம் இது. நடையையே முதலாகக் கொண்ட தொழிலுக்கு இது எத்தகைய அடி என்பதைச் சொல்லத் தேவையில்லை. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952இல் நீக்கப்பட்டது. நம் பாட்டிமார் கைகளில் அழியாத கோலங்களை இட்ட பெண்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் கலைஞர் பெயர்களாக இடம்பெறவில்லை. பலருடைய பெயர்கள் காவல்நிலையப் பதிவேட்டில் இடம்பெற்றன.

பிறர் இட்ட பச்சை

எல்லாப் பச்சையும் விரும்பிக் குத்திக்கொண்டது அன்று. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், 1797இன் வங்காள விதியின்படி ஆயுள் தண்டனை பெற்றோர் போன்ற கைதிகளின் நெற்றியில் அவர்களின் குற்றம் பச்சையாகக் குத்தப்பட்டது. வட இந்தியாவில் இதற்குக் 'கோத்னா' என்று பெயர். சென்னை மாகாணத்திலும் இவ்வழக்கம் வந்தது. 1849இல் இத்தண்டனை ஒழிக்கப்பட்டது. பெண்கள் அணியாகக் கொண்ட ஒன்றையே அரசு அவமானமாக மாற்றிய காலம் அது.

அரசியலிலும் பச்சை இடம்பெற்றது. 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினர் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். கட்சிக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. கட்சி மாறலாம், கையை மாற்ற முடியாது என்பதே அதன் சிக்கல்.

குடும்பத்துக்குள்ளும் இக்கேள்வி உண்டு. பல சிறுமிகளுக்குப் பச்சையைத் தாயோ பாட்டியோதான் தேர்ந்தார்கள். தன் உடலில் என்ன இருக்க வேண்டும் என்பதை வயது வந்தவர் ஒருவர் தாமே வரைந்து தாமே முடிவு செய்வது, இவ்வரலாற்றில் உண்மையிலேயே புதிய நிலை.

எந்திரத்தின் வருகை

தாமஸ் ஆல்வா எடிசன் 1876இல் மின்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தாளில் வேகமாகத் துளையிட்டு அச்சுத்தாள் தயாரிக்கும் கருவி அது. அதே கருத்தைத் தோலுக்கு ஏற்றவாறு மாற்றி, நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ'ரெய்லி 1891 டிசம்பர் 8 அன்று பச்சை குத்தும் மின்னெந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கடைகளில் உள்ள எந்திரங்கள் இதன் வழிவந்தவையே.

தமிழகத்துத் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் சிறு எந்திரத்தோடும் வடிவ அட்டையோடும் உட்காரும் பச்சைக்காரர்கள் பின்னாளில் தோன்றினர். வேலை விரைந்தது; ஆனால் ஒரே ஊசி பல கைகளில் இறங்கும் ஆபத்தும் கூடியது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அதன்பின் ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்துவது குறித்த எச்சரிக்கை பரவியது. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் பி, சி வகை வைரசுகளும் இவ்வாறே பரவக்கூடியவை.

இன்றைய திட்டமும் செலவும்

இன்றைய கடைகளில் கூலியைப் பொதுவாக மூன்று வழிகளில் கணக்கிடுகின்றனர்: சதுர அங்குலத்துக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, அல்லது எவ்வளவு சிறியதானாலும் குறைந்தபட்சம் இவ்வளவு. மிகச் சிறிய பச்சைக்குப் பெரும்பாலும் மூன்றாவதே பொருந்தும். புது ஊசி, கையுறை, மைக்கிண்ணம் ஆகியவை சிறியதற்கும் பெரியதற்கும் ஒன்றே என்பது இதற்குக் காரணம். பழைய காலணாப் புள்ளி இன்று இல்லாமற்போனதும் இதனாலேயே.

அளவைப் பொறுத்தவரை ஓர் எளிய கணக்கை நினைவில் கொள்ளலாம். 2 அங்குல நீளமும் 1½ அங்குல அகலமும் உள்ள வடிவத்தின் பரப்பு 3 சதுர அங்குலம். நீளத்தையும் அகலத்தையும் இருமடங்காக்கினால் பரப்பு 12 சதுர அங்குலம். அளவு இருமடங்கு, கூலியோ நான்கு மடங்கு.

செலவைக் குறைக்க மிகவும் சுருக்குவதும் தவறு. ஆண்டுகள் செல்லச் செல்லத் தோலில் கோடுகள் சற்றே பரவும். ண, ஞ, இ போன்ற சுழியுள்ள எழுத்துகளை மிகச் சிறிதாகக் குத்தினால் சுழிகள் அடைந்துபோகும். ஒற்றெழுத்தின் புள்ளி பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். தாமே வரைந்த வடிவமானால் உண்மையான அளவில் தாளில் வரைந்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்து, சில வாரங்கள் கண்ணெதிரே ஒட்டி வைப்பது நல்லது. எழுத்துப்பிழையை வேறொருவரைக் கொண்டும் சரிபார்க்க வேண்டும். ழகர ளகரப் பிழையைச் சிவப்பு மையால் திருத்த அங்கே வழியில்லை.

குத்தும் கூலியோடு, வடிவத்தைக் குத்துவதற்கேற்பத் திருத்தி வரையும் கூலி, புண் ஆறும்வரை தேவைப்படும் களிம்பு, சில வாரங்களுக்குப் பின் மங்கிய இடத்தைச் சரிசெய்யும் கூலி ஆகியவற்றையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். உறையை நம் கண்முன் பிரித்துப் புது ஊசி எடுக்கிறார்களா என்று பார்ப்பது கட்டாயம். விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஊசியில் சிக்கனம் கூடாது.

காசில் வராத செலவுகளும் உள்ளன. பச்சை குத்திக்கொண்டபின் ஓராண்டு வரை இரத்ததானம் செய்ய இயலாமற்போகலாம். இராணுவத்தில் சேர விரும்புவோருக்குப் பொதுவாக முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் உள்ள பச்சைகளே ஏற்கப்படுகின்றன; மரபாகப் பச்சை குத்தும் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. எனவே சீருடைப் பணிக்கு முயலும் மாணவர்கள், அந்தந்தப் பணியின் அறிவிப்பைப் படித்த பிறகே இடத்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டும்.

அழித்தலின் விலை

முற்காலத்தில் பச்சையை அழிக்கத் தோலைச் சுடுவது, தேய்ப்பது, அறுப்பது ஆகியவையே வழிகள். எல்லாம் தழும்பில் முடிந்தன. 1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகிய மருத்துவர்கள், சுற்றியுள்ள தோலுக்குப் பெருந்தீங்கின்றி நிறத்துகளை மட்டும் ஒளியால் தாக்கும் கோட்பாட்டை வெளியிட்டனர். லேசர் சிகிச்சை அதன் அடிப்படையில் வளர்ந்தது. விளக்குக்கரியால் குத்திய எளிய பச்சைகள் இதற்கு விரைவில் மசியும். பல நிறம் கொண்ட எந்திரப் பச்சைகளுக்குப் பல அமர்வுகள் தேவை. பச்சை, மஞ்சள் நிறங்கள் எளிதில் போவதில்லை. ஒவ்வோர் அமர்வுக்கும் தனிக் கட்டணம் என்பதால், குத்திய செலவைவிட அழிக்கும் செலவு பெரும்பாலும் பன்மடங்காகும்.

திண்ணையில் அமர்ந்த காலத்தில் இந்தக் கடைசிச் செலவு கணக்கிலேயே இல்லை. அழிக்கலாம் என்ற எண்ணமே அன்று இல்லை. ஆகையால் பெண்கள் தம் கையிருப்புக்கு ஏற்பச் சிறிதாகவும், பழகிய வடிவமாகவும், நாளும் தம் கண்ணில் படும் இடத்திலும் குத்திக்கொண்டனர். வீட்டில் பச்சை குத்திய மூதாட்டியர் இன்னும் இருப்பின், அது என்ன வடிவம், யார் குத்தியது, கூலியாக என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது பயனுள்ளது. பச்சை குத்திய பெண்களைப் பற்றி ஏடுகளில் இல்லாத செய்திகள் இன்று அவர்களிடம் மட்டுமே உள்ளன.